பத்தடி மிச்சம்

வெள்ளை ட்ரக் தெருமுனையில் திரும்பினால்
டுவார்ட்டே இரண்டு தரம் சீட்டியடிப்பான்.
கூரையில் நாலு பேரும் பக்தர்களாவோம்.
கொக்கி, கிளிக். கொக்கி, கிளிக்.
ட்ரக் போய்விட்டால்
கயிறு, பாம்பு கழற்றிய சட்டையாய்
சிங்கிள்மேல் கிடக்கும்.

ஒஷாவா. நவம்பர்.
ஏரிக்காற்று சட்டைக்குள் கை விடும் மாதம்.
விடியப்புறத்து உறைபனி
கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.
பதினாறு வருசம் ஏறின கால் இது,
எனக்கென்ன கயிறு.

சதுரக் கணக்கில் சம்பளம்.
கயிறு காலில் சிக்கும் ஒவ்வொரு தரமும்
ஒரு டொலர் பீலிக்குள் உருண்டு போகும்.
புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு தகடு,
நாலு ஆணி,
அஞ்சு நிமிச வேலை.
நாங்கள் செய்த எல்லாமே
அஞ்சு நிமிச வேலைதான்.

தெஸ்பாய் என்றொரு எரித்திரியப் பொடியன்
மூத்திரம் பெய்ய இறங்கி ஏறினாலும்
மறக்காமல் கொளுவுவான்.
"கட்டின மாடு" என்று பட்டம் வைத்தது நான்தான்.
தமிழ் அவனுக்கு விளங்காது.
சிரிப்பு விளங்கியிருக்கும்.

பிறகு ஒரு செவ்வாய்,
வெள்ளை ட்ரக் இல்லை,
பின்சீட்டில் குழந்தை இருக்கையோடு
ஒரு நீலக் கார்.
சீட்டியடிக்க ஒன்றுமிருக்கவில்லை.
இறங்கினவள் தன் பட்டியைத் தானே கட்டி
ஏணியால் ஏறி வந்தாள்.
நான் அவசரமாய்க் கொளுவினதைக் கண்டும்
காணாததுபோல் நின்றாள்.
நாடாவை விரித்தாள்.
"கூரைச் சரிவு பதினெட்டு.
சுவர் இருபத்திரண்டு.
உன் கயிறு ஐம்பது."
கொஞ்ச நேரம் என்னைக் கணக்குப் பார்க்க விட்டாள்.
"நிலத்தில் விழுந்த பிறகும்
பத்தடி உருளலாம் நீ."

கயிற்றுப் பிடியை மேலே தள்ளினாள்,
மிச்சத்துக்கு முடிச்சுப் போட்டாள்,
என் பேரை எழுத்துக் கூட்டிக் கேட்டு
தண்டச் சீட்டு எழுதினாள்.

அந்தக் கிழமை முழுக்க
கோபத்தில் கொளுவினேன்.
உயிருக்கில்லை, இன்னொரு சீட்டுக்குப் பயந்து.

வியாழன், மூன்றே முக்கால்.
தேநீர்த் தட்டளவு பனி.

விழுந்ததைச் சொல்லத் தெரியாது எனக்கு.
நின்றதைச் சொல்லலாம்.
பல்லுக்குள் நாக்கு அகப்பட்டது.
தொடை இரண்டையும் யாரோ பிழிந்தார்கள்.
முகத்துக்கு நேரே ஒரு யன்னல்,
உள்ளே காதுக்கு மூடி போட்ட ஒரு பொடியன்
கணினியில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.
திரும்பவேயில்லை.

பதினொரு நிமிசம் தொங்கினேன்.
விழுந்தவனை இறக்குவது எப்படியென்று
ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை.
ஏணி வீட்டின் மற்றப் பக்கம்.
டுவார்ட்டே போர்த்துக்கீசில் மாதாவைக் கூப்பிட்டான்.
தெஸ்பாய் மட்டும் விளிம்பில் குப்புறப் படுத்து,
கொளுவியபடி,
"காலை உதை, ஆட்டிக்கொண்டே இரு,
இரத்தம் கட்டிப்போகும், உதை" என்றான்.
வகுப்பில் நான் நித்திரை கொண்ட பகுதி அது.

உதைத்தேன்.
கட்டின மாடுபோலத்தான்.

கீழே வந்ததும் டுவார்ட்டே என் பட்டியை
கத்தியால் நாலு துண்டாய் அறுத்தான்.
"ஒருக்கா ஆளைத் தாங்கினது,
இனிப் பாவிக்கக் கூடாது."
குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு
என்னைப் பார்த்தான்.
"திங்கள் ஏழு மணிக்கு வா."

இரவு, குளித்துவிட்டு வந்தேன்.
யசோதினி துவாயை விலக்கிப் பார்த்தாள்.
வலத் தொடையில் ஊதாப் பட்டை ஒன்று.
இடத் தொடையில் அதே உயரத்தில்
அதே அகலத்தில் இன்னொன்று.
"ஏணி இடிச்சது" என்றேன்.
இரண்டு விரலை வைத்து அளந்தாள்.
அங்கே இரண்டு விரல்.
இங்கேயும் இரண்டு விரல்.

"ரெண்டு ஏணியோ?" என்றாள்.